மென்பொருட் பட்டமா, ஊடகப் பட்டமா?

எமது மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு



க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் வாரத்தில் முன்னேஸ்வரத்து வீடுகளிலே, அடுப்படியிலும் திண்ணையிலும் ஒரே பேச்சாகத்தான் இருக்கும். பிள்ளையை இனி என்ன படிப்பிப்பது? எங்கள் பாட்டன்மார் காலத்தில் இதற்கு விடை சொல்வது சுலபம். வைத்தியர், பொறியியலாளர், அது கைகூடாவிடின் ஆசிரியர், அதுவும் இல்லையெனிற் கச்சேரியில் எழுதுவினைஞர். இப்பொழுது அந்த வரிசையிற் புதிதாக இரண்டு பெயர்கள் வந்து புகுந்திருக்கின்றன. ஒன்று மென்பொருள். மற்றது ஊடகம், மல்ரிமீடியா என்று பிள்ளைகள் சொல்வது. முன்னதைப் படித்தால் வெளிநாடு போகலாம் என்பது தகப்பன்மாரின் கணக்கு. பின்னதானால் கஷ்டமில்லாமற் படிக்கலாம் என்பது பிள்ளைகளின் கணக்கு. இரண்டுமே அரைகுறைக் கணக்கு என்பது எமது அபிப்பிராயம். அதனாலேயே இந்த விஷயத்தை இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

நாம் இத்துறைகளிற் பண்டிதர் அல்லோம். இன்னும் பட்டம் பெறாத மாணவரே. ஆயினும் சில காலமாகத் தம்பிமாரும் தங்கைமாரும் கைநூலும் கையுமாக எம்மிடம் வருகின்றனர். அவர்களுக்குச் சரியான விடை சொல்லவேண்டுமே என்ற பயத்தினால் நாம் தேடித் திரட்டியவையே இங்கு சொல்லப்போகின்றவை.

முதலிற் பெயர்களிலுள்ள மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். கணினிப் படிப்பு என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரு படிப்பன்று. கணினி விஞ்ஞானம், மென்பொருட் பொறியியல், தகவல் தொழினுட்பம், தகவல் முறைமைகள் என்று நான்கு பெயர்களாவது வழக்கில் உள்ளன. கணினி விஞ்ஞானம் ஏன், எப்படி என்று கேட்கும்; கணிதம் அதன் முதுகெலும்பு. மென்பொருட் பொறியியல், பலர் கூடி ஒரு பெரிய மென்பொருளைத் தவணைக்குள், பிழை குறைவாகக் கட்டி முடிப்பது எவ்வாறு என்பதிற் கருத்தைச் செலுத்தும். தகவல் முறைமை படிப்பவர் கடைக்கும் வங்கிக்கும் வைத்தியசாலைக்கும் கணினியைப் பொருத்தும் வழியை அறிவார். தகவல் தொழினுட்பம் இவையனைத்திலும் கொஞ்சங் கொஞ்சம். இத்தனையும் சொன்னபின் ஒன்று சொல்லவேண்டும்: முதலாம் ஆண்டில் இந்நான்கிற்கும் வேற்றுமை மிகச் சொற்பம். நிரல் எழுதுதல், தரவுக் கட்டமைப்பு, தரவுத்தளம், வலையமைப்பு, கொஞ்சம் புள்ளிவிபரவியல். எங்கு போனாலும் இவற்றிலிருந்து தப்ப வழியில்லை.

நம் நாட்டில் இவை எங்கெங்கே உள்ளன? கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி 2002இல் அமைந்தது. அதன் பின்னணியில் நின்றவர் கணிதத்திலிருந்து கணினிக்கு வந்த பேராசிரியர் வி. கே. சமரநாயக்க அவர்கள். மொறட்டுவையில் 1985 முதற் கணினிப் பொறியியற்றுறை உண்டு. தகவல் தொழினுட்ப பீடம் 2001இல் வந்தது. யாழ்ப்பாணத்திற் கணினி விஞ்ஞானமும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவில் தகவல் தொழினுட்பமும் படிக்கலாம். நமக்கு மிகக் கிட்டியது குளியாப்பிட்டியிலுள்ள வயம்பப் பல்கலைக்கழகம். சிலாபத்திற் பஸ் ஏறுகின்றவர்களில் எத்தனை பேருக்கு அங்கே கணினித்துறை ஒன்று இருப்பது தெரியும்? எம்மிடம் வந்தவர்களிற் பெரும்பாலோர்க்குத் தெரிந்திருக்கவில்லை. கண் முன்னால் உள்ளதை விட்டுவிட்டுத் தொலைவிலுள்ளதைத் தேடுவது நம்மூர் வழக்கம் போலும்.

ஊடகம் என்ற பெயரில் உள்ள மயக்கம் இதனினும் பெரிது. அந்த ஒரு சொல்லின் கீழ் மூன்று வெவ்வேறு படிப்புக்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி பற்றிய ஊடகக் கல்வி. இது பெரும்பாலும் கலைப் பீடங்களைச் சார்ந்தது. எழுத்தும் மொழியும் சமூக அறிவும் அதற்கு முதல். ஹொரணையிலுள்ள ஸ்ரீபாளி வளாகம் வெகுசன ஊடகத்துக்குப் பேர்பெற்றது. 1934இல் மகாகவி தாகூர் அடிக்கல் நாட்டிய ஸ்ரீபாளி என்னும் கலைக்கூடமே பிற்காலத்திற் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிற்று. இரண்டாவது, கட்புலக் கலை வழிவந்த படிப்பு. மட்டக்களப்பிலே சுவாமி விபுலாநந்தரின் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகத்திற் கட்புல தொழினுட்பக் கலைகளுக்கென்று ஒரு துறை உண்டு. மூன்றாவது, தகவல் தொழினுட்பப் பட்டத்துக்குள்ளேயே ஊடாடும் ஊடகத்தைச் சிறப்புத் துறையாகக் கொள்வது. 1999இல் நிறுவப்பட்டு இப்பொழுது மாலபேயில் இயங்கும் இலங்கைத் தகவல் தொழினுட்ப நிறுவகத்தில் அவ்வாறான சிறப்புத் துறை இருக்கின்றது. அங்கே கட்டணம் உண்டு. அசைவூட்டமும் விளையாட்டும் செய்யலாம் என்று அங்கு சேரும் பிள்ளை, முதலிற் பொதுவான தகவல் தொழினுட்பப் பாடங்களைக் கடந்தாக வேண்டும். நிரல் எழுதத் தெரியாமல் மல்ரிமீடியா படித்துவிடலாம் என்று நம்பியவர்களுக்கு முதற் தவணையே அதிர்ச்சியாக இருக்கும். ஆகவே ஊடகம் படிக்கிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், எந்த ஊடகம் என்று கேளுங்கள்.

கணிதம் வராது, அதனால் ஊடகம் என்று சொல்வோருக்காக ஓர் உதாரணம். நமது ஆலயத்துத் தேர்த் திருவிழாவன்று எல்லோரும் தொலைபேசியிற் படம் பிடித்து உறவினர்க்கு அனுப்புகின்றோம். அந்தப் படம் பிடித்தபடியே போவதில்லை. படத்தை எட்டுக்கு எட்டாக, அறுபத்து நான்கு புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்தையும் கோசைன் அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதி, கண்ணுக்கு எளிதிற் புலப்படாத நுண்ணிய அலைகளைக் கைவிட்டு, எஞ்சியதை மட்டும் சேமிக்கின்றது கணினி. அதனாற் படம் பத்திலொரு பங்களவுக்குச் சுருங்குகின்றது. பார்ப்பவர்க்குக் குறை தெரிவதில்லை. இந்தக் கணித முறையை 1974இல் வெளியிட்டவர்கள் பெங்களூரிற் பிறந்து அமெரிக்காவில் ஆசிரியராயிருந்த நசீர் அகமது என்பவரும், அவருடன் டி. நடராஜன், கே. ஆர். ராவ் என்னும் இருவரும். இணைந்த கணித வகுப்பிலே "இந்தக் கோசைன் எதற்குப் பிரயோசனம்?" என்று முணுமுணுக்கும் தம்பியின் சட்டைப் பையிலேயே அதற்கு விடை கிடக்கின்றது.

இதன் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். மென்பொருள் படிப்பவர்க்குக் கலைக்கண் வேண்டாமா? பஸ் நிலையப் பலகைகளிலும் அரச படிவங்களிலும், கொம்பு ஓரிடத்திலும் அரவு ஓரிடத்திலுமாகச் சிதறிக் கிடக்கும் தமிழை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். ஏன் அப்படி வருகின்றது? தமிழில் எழுத்துக்கள் 247. யூனிக்கோட்டிலே தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களோ 128, அவற்றிலும் பல வெறுமையானவை. 'கோ' என்ற எழுத்தைக் கணினி, முதலிற் 'க', பின்னர் ஓகாரக் குறி என்ற ஒழுங்கிலேயே சேமிக்கின்றது. திரையிற் காட்டும்போது அக்குறியை இரண்டாகப் பிரித்து, இரட்டைக் கொம்பைக் 'க'வுக்கு முன்னும் அரவைப் பின்னும் நிறுத்தவேண்டும். இதைச் செய்யும் விதிகள் எழுத்துருவிலும் மென்பொருளிலும் இருக்கவேண்டும். எழுத்துருவை வரைபவர் நிரலறிவில்லாதவராயும், நிரல் எழுதுபவர் தமிழறியாதவராயும் இருந்தாற் பலகையில் வரும் அலங்கோலம் நாம் காண்பதுதான். எழுத்தை அழகுற வரையத் தெரிந்த ஒருவரும் அதன் விதியை எழுதத் தெரிந்த ஒருவரும் ஒரே மேசையில் இருக்கவேண்டும். அந்த இரண்டு நாற்காலிகளிலும் தமிழ்ப் பிள்ளைகள் போதியளவு இல்லை என்பதே இன்று நமக்குள்ள குறை.

மிஷன் பள்ளிக்கூடத்திற் படித்தவர்களுக்கு இந்து இளைஞர் மேடையில் என்ன வேலை என்று எம்மைச் செல்லமாகக் கேட்கும் பெரியவர் ஒருவர் இங்கே இருக்கின்றார். அவருக்கும் இவ்விடத்திலேயே விடை சொல்லிவிடலாம். ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் படித்தவர், அங்கேயே கற்பித்தவர், பேர்சிவல் பாதிரியாருடன் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர். அச்சியந்திரத்தின் வலிமையை அங்கேதான் கண்டார். 1849இற் சென்னைக்குச் சென்று ஓர் அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். எழுதுவது என் வேலை, யந்திரம் வேறொருவர் வேலை என்று அவர் இருந்துவிடவில்லை. பாடத்தைப் பரிசோதித்ததும் அவரே; யந்திரசாலையை நடத்தியதும் அவரே. அக்காலத்து மென்பொருளும் ஊடகமும் அவர் கையில் ஒன்றாகவே இருந்தன.

இனிப் பணத்தைப் பற்றிப் பேசவேண்டும். இதைப் பேசாமற் கல்வியைப் பற்றி மட்டும் பேசுவது நேர்மையாகாது.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். ஊரும் பேரும் வேண்டாம். மகன் சிறு வயது முதல் நன்றாக வரைவான். பந்தலலங்காரம் என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். உயர்தரத்தில் எடுத்த புள்ளி அரச பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை. மென்பொருள் படித்தால்தான் எதிர்காலம் என்று யாரோ சொல்ல, தகப்பனார் தென்னங்காணியை ஈடுவைத்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றன் பட்டத்தை இங்கே நடத்தும் ஒரு நிறுவனத்தில் அவனைச் சேர்த்தார். கட்டணத்தில் ஒரு பகுதி ஸ்ரேர்லிங் பவுணில். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறிய கதை உங்களுக்குத் தெரியும். பவுணும் அதனோடு ஏறிற்று. காணியின் ஈட்டுப் பணம் போதவில்லை. அவனுக்கும் தர்க்கமும் கணங்களும் நிறைந்த கணிதம் ஒட்டவில்லை. இரண்டாம் ஆண்டின் இறுதியில் வீட்டுக்கு வந்துவிட்டான். இப்பொழுது ஒரு படப்பிடிப்பு நிலையத்திற் கல்யாண அல்பம் செய்கின்றான்; சந்தோஷமாகவே இருக்கின்றான்; வேலையும் மிக நன்று. காணி மட்டும் இன்னும் மீளவில்லை.

இவன் முட்டாளுமல்லன், தகப்பனார் பேராசைக்காரருமல்லர். முன்கூட்டிக் கேட்டிருக்கவேண்டிய சில கேள்விகள் கேட்கப்படவில்லை, அவ்வளவுதான். பட்டம் தரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கின்றதா? உள்நாட்டுத் தனியார் நிறுவனமாயின் பட்டம் வழங்க அரசின் அங்கீகாரம் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு உண்டா? இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் மூன்றாண்டுப் பொதுப் பட்டம் ஐந்தாம் மட்டம். நான்காண்டுச் சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம். விளம்பரத்தில் உள்ளது எந்த மட்டம்? கட்டணம் ரூபாவிலா, அந்நிய நாணயத்திலா? பாதியில் விட்டால் அதுவரை படித்ததற்கு ஏதேனும் சான்றிதழ் கிடைக்குமா? கடைசிக் கேள்வியை எவரும் கேட்பதில்லை. நல்ல காரியம் தொடங்கும்போது அபசகுனமாகப் பேசக்கூடாது என்று எண்ணிவிடுகின்றோம்.

அந்தக் கேள்விக்கு நல்ல விடையுள்ள படிப்பு ஒன்றை இவ்விடத்திற் குறிப்பிடவேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டிலே தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டத்தைத் தொடங்கியது. வீட்டிலிருந்தே படிக்கலாம், பரீட்சைக்குத் தோற்றவேண்டும். முதலாம் ஆண்டு தேறினால் டிப்ளோமா, இரண்டாம் ஆண்டு தேறினால் உயர் டிப்ளோமா, மூன்றாம் ஆண்டின் முடிவிற் பட்டம். இடையில் நிற்க நேர்ந்தாலும் வெறுங்கையோடு நிற்பதில்லை. சிலாபத்திற் கடையில் நின்றுகொண்டோ, இறாற் பண்ணையிற் கணக்கெழுதிக்கொண்டோ படிக்கலாம். ஆனால் இது எளிய படிப்பன்று. கட்டுப்படுத்த ஆசிரியர் பக்கத்தில் இல்லாததால், சேர்பவர் பலராயினும் முடிப்பவர் குறைவாக இருப்பதில் ஆச்சரியமில்லை. தனியாகப் படிக்காமல் நாலைந்து பேர் சேர்ந்து படித்தால் இக்குறையைச் சமாளிக்கலாம். ஊடகப் பக்கத்தில் இதற்கிணையாகச் செலவு குறைந்த வெளிவாரி வழி ஒன்றை நாம் காணவில்லை. காரணமும் விளங்கக்கூடியதே: வரைபும் படப்பிடிப்பும் ஒலிப்பதிவும் கைப்பழக்கம், பக்கத்தில் நின்று திருத்த ஒருவர் வேண்டும்.

தமிழ்நாட்டுக்குப் போய்ப் படிக்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். அங்கே பி.சி.ஏ. என்னும் கணினிப் பயன்பாட்டுப் பட்டத்தையும், விஸ்கொம் என்று சுருக்கிச் சொல்லும் காட்சித் தொடர்பியற் பட்டத்தையும் எண்ணற்ற கல்லூரிகள் நடத்துகின்றன. பி.சி.ஏ. 2024-25 கல்வியாண்டிலிருந்து அகில இந்திய தொழினுட்பக் கல்விச் சபையின் ஒப்புதலுக்கு உட்பட்டது. விஸ்கொம் படிப்பதற்குத் தமிழ்நாடு நல்ல இடம். திரைப்படத் தொழில் பக்கத்திலேயே உண்டு. ஆனால் அங்கு படித்துவிட்டு இங்கே திரும்பி அரச உத்தியோகம் கோருவதாயின் மேற்சொன்ன அங்கீகாரக் கேள்வி மீண்டும் எழும்.

அரச பல்கலைக்கழக அனுமதியைப் பற்றி இரண்டொரு வார்த்தை. பெரும்பாலான நெறிகளில் நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கு. 55 மாவட்டப் பங்கு. எஞ்சிய 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நமது புத்தளம் அந்தப் பதினாறு மாவட்டங்களில் ஒன்று. எல்லா நெறிக்கும் இவ்விகிதம் பொருந்தாது, கைநூலைப் பார்க்கவேண்டும். விருப்ப வரிசையை எழுதும்போது, "இது எனக்குக் கிடைக்காது" என்ற பயத்தினால் உண்மையான விருப்பத்தைக் கீழே தள்ளவேண்டாம். உங்கள் இசட் புள்ளி எட்டும் நெறிகளுள் வரிசையில் மேலே இருப்பதையே தருவார்கள்; மேலே எழுதியது கிடைக்காவிடிற் கீழேயுள்ளதற்கு அதனாற் பங்கமில்லை. இன்னொன்று: வடிவமைப்பு, கட்புலக் கலை போன்ற சில நெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சையோ செய்முறைப் பரீட்சையோ உண்டு. அதற்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும். புள்ளி இருந்தும் இந்த விளம்பரத்தைக் கவனியாமல் இடத்தை இழந்தவர்கள் நம்மூரிலேயே இருக்கின்றனர்.

கணினிப் பட்டங்கள் ஆங்கில மொழியில் நடப்பது தமிழ்மொழி மூலம் படித்தவர்க்குப் பெரிய தடையாகத் தோன்றும். மிஷன் பள்ளிக்கூடத்தில் எமக்கு வாய்த்த ஆங்கிலம் எல்லோர்க்கும் வாய்க்கவில்லை என்பதை அறிவோம். ஆனால் அத்துறையின் ஆங்கிலம் இலக்கிய ஆங்கிலமன்று. சில நூறு சொற்களே திரும்பத் திரும்ப வரும். பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையிலுள்ள மாதங்களிற் கற்றுக்கொள்ளலாம். தங்கைமாரைக் கொழும்புக்கு அனுப்பத் தயங்கும் தாய்மாருக்கு நாம் சொல்வது, விடுதியைப் பற்றியும் மகாபொல உதவியைப் பற்றியும் முதலில் விசாரியுங்கள். விசாரியாமல் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

இப்பொழுது எல்லாவற்றையும் யந்திரமே செய்துவிடுமாமே, பின்னர் ஏன் படிக்கவேண்டும் என்று கேட்பாருமுளர். 2022ஆம் ஆண்டு நவம்பரிலிருந்து உலகம் அதையே பேசுகின்றது. செயற்கை அறிவு நிரலும் எழுதுகின்றது, படமும் வரைகின்றது. எமக்குத் தோன்றுவது இது: வாய்பாடு போன்ற வேலை இரு துறையிலும் மலிந்துவிடும். யந்திரம் எழுதிய நிரலில் எங்கே பிழை என்று காண்பவர்க்கும், அது வரைந்த கோபுரத்தில் எந்தத் தளம் தவறு என்று காண்பவர்க்கும் வேலை இருக்கும். மேலோட்டமாகப் படிப்பவர்க்கு இரண்டு பட்டமும் வீண். அடித்தளம் உள்ளவர்க்கு இரண்டும் கைகொடுக்கும்.

அப்படியானால் எதைத் தெரிவு செய்வது? எந்தப் பட்டம் உயர்ந்தது என்று பார்க்கவேண்டாம். எந்த வேலையை இரவு பதினொரு மணிக்குக் கண் எரியும்போதும் விடாமற் செய்வீர்கள் என்று பாருங்கள். பிழை எங்கே என்று நூறு வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பதா? ஒரு நிமிடப் படத்தின் ஒலியும் காட்சியும் பொருந்தும்வரை வெட்டி வெட்டி ஒட்டுவதா? இதைக் காசு கட்டுமுன்பே சோதித்துப் பார்க்கலாம். பைதன் என்னும் நிரல்மொழி இலவசம். படம் திருத்தும் கிம்ப், ஒலி திருத்தும் ஓடாசிற்றி, முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர் அனைத்தும் இலவசம். லத்வியா என்னும் சிறிய நாட்டார் பிளெண்டரில் ஆக்கிய "ஃப்ளோ" என்ற படம் 2025இலே சிறந்த முழுநீள அசைவூட்டப் படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. மன்றத்தின் சந்தாக் கணக்கைப் பதிய ஒரு சிறு நிரலை எழுதிப் பாருங்கள். திருவிழாவின் மூன்று நிமிடப் படமொன்றைத் தொகுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் கொடுங்கள். எதைப் பாதியிற் போட்டுவிட்டீர்கள் என்பதே பாதி விடை.

வருகின்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான்கு மணி முதல் நாம் மன்ற வாசிகசாலையில் இருப்போம். இவ்வாண்டுக் கைநூலைக் கொண்டுவாருங்கள். விருப்ப வரிசையைப் பென்சிலால் எழுதிவந்தாற் போதும், பேனையால் வேண்டாம். கட்டணப் படிப்பை எண்ணியிருப்பவர்கள் அந்த நிறுவனத்தின் பாடத்திட்டத்தையும் கட்டண விபரத்தையும் எடுத்துவாருங்கள். தாயோ தகப்பனோ ஒருவர் கூட வரவேண்டும். கட்டணப் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கும்போது அவர்களும் கேட்கவேண்டும்.